போன்ல வாங்க

எங்கள் துறையில் ஒயர்லெஸ்ஸை யாரும் ஒயர்லெஸ் என்று சொல்வதில்லை. மைக் என்பார்கள். நான் அந்த மைக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். காஞ்சிபுரத்தில் போலீஸ் கன்ட்ரோல் ரூம்: ஒரு மாடி அறை, இரண்டு மேசை, ஒரு செட், மூன்று தொலைபேசிகள். ஸ்டேஷன்களும் ரோந்து வண்டிகளும் ஒன்றோடொன்று பேசுவது எல்லாம் என் காது வழியாகத்தான் போகும். முகூர்த்த நாளாக இருந்தால் பாதி நேரம் பட்டுக்கடை வாசலில் குறுக்கே நிற்கும் கார்களைப் பற்றித்தான் பேச்சு. மீதி நேரம் யார் எங்கே இருக்கிறார்கள், ஏன் இன்னும் போகவில்லை என்கிற விசாரணை.

மைக்கில் ஒருவர் பேசினால் எல்லா ஸ்டேஷனும் கேட்கும். மேலதிகாரியின் வண்டியும் கேட்கும். அதனால் ஊரறியச் சொல்ல முடியாத சங்கதி வந்தால் ஒரு வழக்கம் உண்டு. "போன்ல வாங்க" என்பார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் கைப்பேசியில் பேசிக்கொள்வார்கள். மைக் அமைதியாகிவிடும். பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளை குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக இருக்கலாம். யாரோ தூக்கில் தொங்கியதாக இருக்கலாம். ஒன்றுமில்லாத சொந்த வேலையாகவும் இருக்கலாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த வார்த்தை எனக்கு ஓய்வு போல இருந்தது. நாம் கேட்க வேண்டியதில்லை, நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. மகள் பிறந்த பிறகு அப்படி இல்லை. யார் யாரைப் போனுக்கு அழைத்தாலும் அது என்னவாக இருக்கும் என்று மனம் அலைய ஆரம்பித்துவிடும். நான் நெசவு வீட்டில் பிறந்தவள். தறிச் சத்தத்தில் தூங்கிவிடுவோம், சத்தம் நின்றால்தான் விழிப்போம். மைக்கும் எனக்கு அப்படி ஆகிவிட்டது.

எனக்கு அந்த அறையில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. ரிப்பீட் அம்மா. எந்தத் தகவல் வந்தாலும் "ரிப்பீட் ப்ளீஸ்" என்று நான் இன்னொரு முறை கேட்பேன். ஒரு தடவை கவிழ்ந்த ஒரே தக்காளி லாரிக்கு மூன்று பக்கமிருந்து மூன்று வண்டிகளை அனுப்பி வைத்தேன். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள், நான் மூன்று லாரி என்று நினைத்துக்கொண்டேன். அதிலிருந்து கேட்டதை நம்பவும் பயம், நம்பாமலிருக்கவும் பயம்.

உண்மையில் எங்கள் வேலையின் பாதி அதுதான். ஒரு விபத்து எங்களுக்கு ஒரு முறை வருவதில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் ஒரு பக்கம் சொல்வார்கள், தீயணைப்பு நிலையம் ஒரு பக்கம், நெடுஞ்சாலை ரோந்து ஒரு பக்கம். எல்லையோரத்தில் நடந்தால் கூப்பிடுகிறவரின் செல்போன் பக்கத்து மாவட்டத்து டவரைப் பிடித்துவிடும். அழைப்பு அங்கே போய் விழும், அவர்கள் எங்களுக்குச் சொல்வார்கள். இவர்கள் யாருடைய செட்டும் மற்றவர் செட்டோடு பேசாது. தொலைபேசியில்தான் ஒருவருக்கொருவர். ஒருவர் வாயில் வேன், இன்னொருவர் வாயில் பஸ். இத்தனையும் ஒன்றுதானா, இரண்டா என்று முடிவு செய்வது எங்கள் ஏட்டையாவின் திறமை. என் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பார். தலைமைக் காவலர், ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்தது. பெரும்பாலும் அவர் சொல்வது சரியாக இருக்கும்.

அன்று காலையிலிருந்து மழை. பெரிய மழை இல்லை, விடாத மழை. மதியம் சிறு பிள்ளைகளின் பள்ளி விடும் நேரம். என் மகள் எல்.கே.ஜி. நாங்கள் குடியிருப்பது வாலாஜாபாத்தில். பள்ளி காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே, பெரிய ரோட்டிலிருந்து சற்று உள்ளே. அவள் போகும் வேன் நேராக வீட்டுக்கு வராது. முதலில் திருமுக்கூடல் மாதிரி பாலாற்றுப் பக்கத்து ஊர்களில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, திரும்பி வரும்போதுதான் அவளை இறக்கும். கீழ்வீட்டு அக்கா வாங்கிக்கொள்வார். மழைநாளில் இந்தச் சுற்று எனக்குப் பிடிப்பதில்லை. பள்ளியில் சொல்லிப் பார்த்தேன். "எல்லா பேரன்ட்ஸும் எங்க பிள்ளைய மொதல்ல இறக்குங்கறாங்க மேடம்" என்றார்கள்.

அந்த நேரத்தில்தான் நெடுஞ்சாலை ரோந்து வண்டியின் எஸ்.ஐ. மைக்கில் வந்தார்.

"கன்ட்ரோல், கன்ட்ரோல், ஹைவே பேட்ரோல். வாலாஜாபாத் ரோட்டுல ஒரு ஸ்கூல் வேன் பள்ளத்துல இறங்கிடுச்சு. பசங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஓவர்."

"ரோஜர் ஐயா. எந்த ஸ்கூல், எந்த எடம், எத்தனை பசங்க? ரிப்பீட் ப்ளீஸ். ஓவர்."

பதில் வரவில்லை. மைக்கின் பொத்தானை அழுத்திவிட்டுப் பேசாமல் விட்டால் ஒரு சின்னக் கரகரப்பு வரும். அது வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

"கன்ட்ரோல், செட்ல யாரு?"

"நான்தான் ஐயா."

மறுபடி கரகரப்பு. "போன்ல வாங்க. ஏட்டையாவ வரச் சொல்லும்மா. ஓவர்."

ஏட்டையா கைப்பேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அவர் எப்போதும் உட்கார்ந்த இடத்திலிருந்தே உரக்கப் பேசுகிறவர். அவர் பேசும் போனுக்கு எதிர்முனையே தேவையில்லை என்று நாங்கள் கேலி செய்வோம். அன்று கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியாக அவருடைய முதுகு தெரிந்தது. ஒரு முறை திரும்பி என்னைப் பார்த்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் மழையைப் பார்த்தார்.

உள்ளே வந்து உட்கார்ந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"நீ போயி ஒரு டீ குடிச்சுட்டு வாம்மா. நான் பாத்துக்கறேன்."

"குடிச்சுட்டேன் ஏட்டையா."

"இன்னொண்ணு குடி. மழைக்கு நல்லாருக்கும்."

அவர் எனக்காக மைக்கைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னது அதுவே முதல் முறை. நான் கர்ப்பமாக இருந்தபோதுகூட "போயிட்டு சீக்கிரம் வா" என்றுதான் சொல்வார்.

"எந்த ஸ்கூலு ஏட்டையா?"

"ஏதோ ஒரு ஸ்கூலு. பேரு சரியா காதுல வுழல."

"கேட்டுச் சொல்லுங்களேன்."

"ஏம்மா, ஊருக்கெல்லாம் ரிப்பீட் போட்டு முடிச்சு இப்ப எனக்குமா?" சிரித்தார். அந்தச் சிரிப்பு சரியாக இல்லை. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. அதையும் அன்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பள்ளிக்குப் போன் செய்தேன். எங்கேஜ்டு. மறுபடி செய்தேன். எங்கேஜ்டு. மழை பெய்தால் எல்லாத் தாய்மாரும் கூப்பிடுவார்கள், அது சாதாரணம்தான். சாதாரணம்தானா? பையிலிருந்து கைப்பேசியை எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தேன். "ஓகே மேம்." "தேங்க் யூ மேம்." கும்பிடும் கைகள். மறுபடி கும்பிடும் கைகள். எதற்கு நன்றி? யாருக்கு? மேலே தள்ளிப் பார்ப்பதற்குள் தொலைபேசி அடித்தது.

பக்கத்து மாவட்டத்து ஆபரேட்டர். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. குரலில் மட்டும் வருஷக்கணக்காகப் பழக்கம்.

"சிஸ்டர், உங்க லிமிட்டு கேஸு ஒண்ணு எங்களுக்கு வந்துடுச்சு. ஸ்கூல் வேன். திருமுக்கூடல் பக்கம் தரைப்பாலமாம். மேல தண்ணி போவுதாம், வேன் நடுவுல நின்னுடுச்சாம்."

"கூப்டது யாரு சிஸ்டர்?"

"மாடு மேய்க்கறவருங்க. திருப்பிப் போட்டா சுவிட்ச் ஆஃப். ஃபயருக்கும் நானே சொல்லிட்டேன். நீங்க பாத்துக்கோங்க, என்னா?"

நான் போனை வைப்பதற்குள் ஏட்டையா கையை ஆட்டினார். "அதே வேன்தாம்மா. பேட்ரோல் அட்டெண்ட் பண்ணிட்டாங்க. ஒண்ணத்தான் ஊர் சுத்திச் சொல்லிக்கினு இருக்கானுங்க."

"பேட்ரோல் ஐயா பள்ளம்னாரு. இவங்க தரைப்பாலம்னு சொல்றாங்க."

"பள்ளத்துல மழைத்தண்ணி நிக்கும். பாத்தவன் பாலம்னு சொல்லுவான். தக்காளி லாரி மறந்துடுச்சா?"

அடுத்த தொலைபேசி தீயணைப்பு நிலையத்திலிருந்து. அதை ஏட்டையாவே எடுத்தார். "ஆமா சார், அதேதான். அட்டெண்டட். தேவையில்ல, வண்டிய உள்ள எடுத்துக்குங்க." வைத்துவிட்டு என்னிடம், "பாரு, அவங்களுக்கும் ஒரு டிரிப்பு மிச்சம்" என்றார்.

அவர் சொன்னது நியாயமாகவே இருந்தது. எத்தனையோ முறை நான் இரண்டு என்று நினைத்தது ஒன்றாக இருந்திருக்கிறது. இப்போது எனக்கு இரண்டாகத் தெரிவதற்குக் காரணம் என் மகள் ஒரு வேனில் இருக்கிறாள் என்பதுதானா? வேறு யாருடைய பிள்ளையாக இருந்தால் இப்படிச் சந்தேகப்படுவேனா? பள்ளி எண்ணை மறுபடி போட்டேன். எங்கேஜ்டு.

அப்போது ஏட்டையாவின் கைப்பேசி அடித்தது. இந்த முறை கதவைச் சாத்தவில்லை. பேசி முடித்து, முகமெல்லாம் மலர்ந்து வந்தார்.

"பாப்பா அந்த வேன்ல இல்லம்மா! எஸ்.ஐ. ஐயா ஒவ்வொரு பிள்ளையா பாத்துட்டாரு."

"அப்ப எங்க ஸ்கூல் வேனா அது?"

"உங்க ஸ்கூல்தான். போர்டப் பாத்ததும் அந்த மனுஷனுக்கு உன் ஞாபகம் வந்துடுச்சு. ஆயுத பூஜைக்கு நீ பாப்பாவத் தூக்கிக்கினு வந்தியே, அவர் மடியில ஒக்காந்து பொரி தின்னுக்கினே ஸ்கூல் பேரச் சொல்லுச்சே. செட்ல நீ இருக்கும்போது அந்த ஸ்கூல் பேர எப்பிடி மைக்ல சொல்றதுன்னாரு. நான் பாத்துட்டுச் சொல்றேன், அது வரைக்கும் உனக்குத் தெரிய வேணாம்னாரு." ஏட்டையாவின் கண் கலங்கியிருந்தது. "எல்லாம் பெரிய பசங்க, மழைக்குச் சீக்கிரமா வுட்டாங்களாம். காஞ்சிபுரம் பக்கம் வர்ற வண்டி. இப்ப போயி டீ குடி."

அவர்கள் என்னிடமிருந்து மறைத்தது எனக்காகத்தான். நான் சந்தேகப்பட்டதும் சரி, அவர்கள் நல்லவர்கள் என்பதும் சரி. நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சொன்ன ஒன்று மனதில் நின்றுவிட்டது.

"காஞ்சிபுரம் பக்கம் வர்ற வண்டியா? எந்த எடத்துல ஏட்டையா?"

"அய்யம்பேட்டை தாண்டி."

"அங்க தரைப்பாலம் ஏது?"

ஏட்டையா என்னைப் பார்த்தார்.

"திருமுக்கூடல் வாலாஜாபாத்துக்கு அந்தப் பக்கம் ஏட்டையா. ஆத்தோரம். மாடு மேய்க்கறவருக்குத் திருமுக்கூடலுக்கும் அய்யம்பேட்டைக்கும் வித்தியாசம் தெரியாதா?"

"தப்பா வாங்கியிருப்பா அந்தப் பொண்ணு."

மைக்கை என் பக்கம் இழுத்தேன். போனில் கேட்டிருக்கலாம். போனில் கேட்டால் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். எல்லோரும் கேட்கும்படி அவர் இடத்தைச் சொன்னால்தான் மற்றவர்கள் தங்களிடம் இருப்பதோடு அதை ஒட்டிப் பார்க்க முடியும். இதையெல்லாம் அப்போது யோசித்தேனா, பிறகு யோசித்துச் சேர்த்துக்கொண்டேனா, தெரியாது. பொத்தானை அழுத்தினேன்.

"ஹைவே பேட்ரோல், கன்ட்ரோல். ஐயா, நீங்க நிக்கற எடம் எது? அங்க ரோட்டு மேல தண்ணி போவுதா? ஓவர்."

"போன்ல சொல்லிட்டேனேம்மா. ஏட்டையா சொல்லல? பாப்பா இதுல இல்ல. நீ தைரியமா இரு. ஓவர்."

மாவட்டம் முழுக்கப் பாப்பா என்று கேட்டிருக்கும்.

"சொன்னாரு ஐயா. ரொம்ப நன்றி ஐயா. எடத்த மைக்லயே சொல்லுங்க ஐயா. ரிப்பீட் ப்ளீஸ். ஓவர்."

கொஞ்ச நேரம் கரகரப்பு மட்டும். பிறகு, "அய்யம்பேட்டை தாண்டி, இடது கை பக்கம். தண்ணியெல்லாம் ஒண்ணும் போவல. சேறுதான். ஓவர்."

அவர் முடித்த கணமே ஆற்றோரத்து ஸ்டேஷன் ஒன்றிலிருந்து அவசரமாக ஒரு குரல் குறுக்கே வந்தது. "கன்ட்ரோல், கன்ட்ரோல். அய்யம்பேட்டையா? எங்களுக்கும் தரைப்பாலத்துல வேன்னு ஊர்க்காரங்க சொன்னாங்க. பேட்ரோல்தான் ஸ்கூல் வேன அட்டெண்ட் பண்ணிட்டாங்களேன்னு நாங்க கெளம்பாம நின்னுட்டோம். ஓவர்."

மைக்கில் யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் சோம்பேறித்தனமாக இல்லை. எனக்குத் தெரியக் கூடாது என்று பள்ளியின் பெயரோடு இடத்தின் பெயரையும் மைக்கில் சொல்லாமல் விட்டார்கள். அதனால் கேட்டவர் எல்லோரும் அந்த வேனைத் தங்களுக்குத் தெரிந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

"உடனே கெளம்புங்க," என்றேன். "அது வேற வேன். தண்ணில நிக்குது. கெளம்பிட்டு மைக்லயே சொல்லுங்க, யாரும் போனுக்குப் போவாதீங்க. ஓவர்." 'ஐயா' சேர்த்தேனா என்று நினைவில்லை. அந்தக் குரல் என்னைவிடப் பெரிய பதவியாக இருந்திருக்கலாம்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன்.

"மேடம், இப்பத்தான வேணாம்னீங்க? வண்டிய உள்ள விட்டு ஷட்டர் போட்டாச்சு. மொதல்ல முடிவு பண்ணுங்க, ஒரு வேனா, ரெண்டு வேனா?"

"ரெண்டு சார்."

"கன்ஃபார்ம்டா?"

ஏட்டையா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று தலையாட்டியிருந்தால் நான் தடுமாறியிருப்பேன். அவர் தலையாட்டவில்லை. எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"கன்ஃபார்ம்டு சார்," என்றேன். கன்ஃபார்ம்டு இல்லை. எனக்கு அந்த வேனைப் பற்றித் தெரிந்தது ஒரு மாடு மேய்ப்பவரும் ஊர்க்காரர்களும் சொன்னது மட்டும்தான்.

பிறகு காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. மகள் காலையில் ரெயின்கோட் வேண்டாம் என்று அழுதாள், நான் திட்டி மாட்டிவிட்டேன். ரெயின்கோட்டோடு தண்ணீரில் விழுந்தால் அது இழுக்குமா, மிதக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நடுவில் பட்டுக்கடை ஏரியாவிலிருந்து ஒருவர் மைக்கில் வந்து, ஆந்திரா வண்டி ஒன்று தெருவை அடைத்து நிற்கிறது, டிரைவரைக் காணோம் என்றார். "ஸ்டாண்ட் பை," என்றேன். "எவ்ளோ நேரம் ஸ்டாண்ட் பை? ஓவர்," என்றார். ஏட்டையா குனிந்து என் தோளுக்கு மேலாக மைக்கில் சொன்னார்: "யப்பா, செத்த நேரம் வாய மூடிக்கினு இரு. ஓவர்." அதன் பிறகு மாவட்டமே வாயை மூடிக்கொண்டது.

"கன்ட்ரோல்." ஆற்றோரத்து ஸ்டேஷன். குரல் மூச்சு வாங்கியது. பின்னால் தண்ணீரின் இரைச்சல், பிள்ளைகளின் அழுகை. "வேன் இருக்குது. இருக்குதும்மா. சக்கரத்துக்கு மேல தண்ணி. ஊர்க்காரங்க கயிறு கட்டிப் பாதிப் பசங்கள எறக்கிட்டாங்க. மீதிய நாங்க எறக்கிக்கினு இருக்கோம். ஓவர்."

எத்தனை, என்ன வயது, எந்தப் பள்ளி என்று கேட்க வேண்டும். கேட்பதுதான் என் வேலை. பொத்தானை அழுத்தினேன், சத்தம் வரவில்லை. ஏட்டையா என் கையிலிருந்து மைக்கை வாங்கி, "ஸ்கூல் பேரு சொல்லு," என்றார்.

சொன்னார். வேறு பள்ளி. நான் கேள்விப்பட்டிராத பள்ளி.

"ரிப்பீட்," என்றார் ஏட்டையா.

அதே பெயர்.

கடைசிப் பிள்ளையும் கரையேறிவிட்டது என்று தகவல் வந்தது. தீயணைப்பு வண்டியும் போய்ச் சேர்ந்து, வேனை இழுக்க ஏற்பாடு செய்தார்கள். ஏட்டையா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் மறுபடி கைப்பேசியை எடுத்தேன். இந்த வேனிலும் இல்லை, அந்த வேனிலும் இல்லை என்றால் அவள் எங்கே? கும்பிடும் கைகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளினேன். "ஓகே மேம்"களுக்கெல்லாம் மேலே, பள்ளியின் செய்தி. மழையால் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. பிள்ளைகளைப் பள்ளியிலேயே வைத்திருக்கிறோம், மழை விட்டதும் இரண்டாவது நடையில் அனுப்புவோம்.

எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்திருந்தது. நன்றி சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறார்கள்.

ஏட்டையாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் படித்தார். படித்து முடித்தும் கைப்பேசியைத் திருப்பித் தரவில்லை.

"ஏம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கட்டுமா? இத மொதல்லயே பாத்திருந்தன்னு வையி. ரெண்டாவது வேன் இருக்குதுன்னு அப்பவும் நின்னிருப்பியா?"

குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மகள் பள்ளியில் பத்திரமாக இருக்கிறாள் என்று தெரிந்திருந்தால் அய்யம்பேட்டையைப் பற்றிக் கேட்டிருப்பேனா? அட்டெண்டட் என்று நானும் சொல்லியிருக்கலாம். டீ குடிக்கப் போயிருக்கலாம். இதை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும், அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும் என்னை என்னால் நம்ப முடிவதில்லை.

"நீ கெளம்பு. மைக்க நான் பாத்துக்கறேன்," என்றார்.

பஸ்ஸில் போனேன். அய்யம்பேட்டை தாண்டி இடது கைப் பக்கம் எங்கள் பள்ளி வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பக்கத்தில் ரோந்து வண்டி. எஸ்.ஐ. குடை பிடித்தபடி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். யாரிடம், எதைப் பற்றி என்று பஸ் ஜன்னல் வழியாக அந்த நிலையிலும் நான் யோசித்தேன்.

பள்ளி வாசலில் காவலாளி கேட்டைத் திறக்கவில்லை.

"கார்டு?"

பிள்ளையை அழைத்துப் போகும் அட்டை கீழ்வீட்டு அக்காவிடம் இருந்தது. என் மகளின் வகுப்பைச் சொன்னேன். காக்கிச் சட்டையைக் காட்டினேன்.

"அதாம்மா எனக்கு யோசனையா இருக்குது. போலீசு எதுக்குப் பிள்ளையக் கூட்டிக்கினு போவணும்?"

"என் பிள்ளதாங்க. நான் அவ அம்மா."

"யூனிபார்மு நாடகக்காரங்க கிட்ட வாடகைக்கே கெடைக்குது. நான் ஒங்களச் சொல்லலம்மா. பொதுவா சொல்றேன்." கேட்டின் தாழ்ப்பாளை இன்னொரு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டார். "டீச்சர் வந்து ஆமான்னா விடறேன். மழைல நிக்காதீங்க, இப்பிடி ஓரமா நில்லுங்க."

கோபம் வரவில்லை. அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. டீச்சர் வந்தார், என்னைப் பார்த்து, ஆமாம் என்றார். "நல்லா பாத்துச் சொல்லுங்க மிஸ்," என்றார் காவலாளி. டீச்சர் நன்றாகப் பார்த்து மறுபடி ஆமாம் என்றார்.

மகள் வகுப்பு வாசலில் ஒரு சிநேகிதியோடு உட்கார்ந்து யாருடையதோ பிஸ்கெட்டைத் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை.

"நீ ஏன் வந்த?"

"உன்னக் கூட்டிக்கினு போவத்தான்."

"நான் வேன்லதான் வருவேன். இவகூட."

தூக்கப் பார்த்தேன். காலை உதைத்து அழுதாள். மழை விட்டிருந்தது. இரண்டாவது நடைக்கு வேன் வாசலில் வந்து நின்றது. பிள்ளைகள் ஏற ஆரம்பித்தார்கள். அவளும் என் கையிலிருந்து நழுவி, சிநேகிதியின் பின்னால் ஏறிவிட்டாள். இறக்கவும் மனமில்லை, தனியே அனுப்பவும் மனமில்லை. நானும் ஏறினேன்.

டிரைவர் கண்ணாடியில் காக்கியைப் பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்துப் பின்னால் நீட்டினார். "எல்லாம் கரெக்டா இருக்குது மேடம்."

"ஆத்துப் பக்கம் போவீங்களா?"

"தரைப்பாலம் மூடிட்டாங்களாம் மேடம். சுத்திக்கினுதான் போவணும்."

"யாரு சொன்னாங்க?"

"எல்லாரும் சொல்றாங்க."

"பேரிகார்டு போட்டிருக்கறதப் பாத்தீங்களா?"

அவர் வண்டியைக் கிளப்பினார். வேனுக்குள் பேச்சு நின்றுவிட்டது. இரண்டு வரிசைப் பிள்ளைகளும் மடியில் பையை அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். முன்னால் இருந்த ஒரு பையன் பக்கத்திலிருந்தவனிடம், "யாரையோ புடிக்க வந்துக்கிறாங்க," என்று மெதுவாகச் சொன்னான்.

சிநேகிதி என் மகளின் காதில், "உங்கம்மா யாரப் புடிக்கப் போறாங்க?" என்று கேட்டாள். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தொப்பியிலிருந்து ஷூ வரை பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினாள்.